அம்மா அப்பாவைக் கப்பலில் கூட்டிட்டுப் போறவங்களுக்கு



ஜூன் பள்ளி விடுமுறை நெருங்குது. உல்லாசக் கப்பலுக்குப் பதிவு பண்ணிட்டோம்னு இந்த மாசம் மட்டும் அன்னதான வரிசையில் நாலஞ்சு குடும்பங்கள் எங்களிடம் சொல்லிட்டாங்க. "அம்மா வாழ்நாள் முழுக்க ஈசூன் வீட்டுக்கும் தேக்காவுக்கும்தான் அலைஞ்சாங்க. இந்தத் தடவை பினாங்கு, புக்கெட் எல்லாம் காட்டப் போறோம்" என்று ஒரு மகள் சொன்னபோது எங்களுக்கும் மனசு நிறைஞ்சது. ஆனா எல்லாரும் அடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "கப்பல்ல தலை சுத்துமாமே, வாந்தி வருமாமே, என்ன பண்றது?" சாம்பார் வாளியைக் கையில் வச்சுக்கிட்டு ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாவே எழுதுறோம். பொறுத்துக்கங்க.

நாங்கள் டாக்டர்கள் இல்லை. எங்க தொண்டூழியர் குழுவில் ஓய்வுபெற்ற தாதி ஒருத்தரும், மருந்தாளராக வேலை பார்க்கிற தம்பி ஒருத்தரும் இருக்காங்க. மருந்து பத்தி இங்கே எழுதியிருப்பதை அவங்க ரெண்டு பேரும் பார்த்துக் கொடுத்தாங்க. இருந்தாலும் உங்க உடம்பைத் தெரிஞ்சவர் உங்க டாக்டர்தான். அவரைக் கேக்காம எதையும் புதுசா ஆரம்பிக்காதீங்க.

கடல் மயக்கம் நம்ம குடும்பங்களுக்குப் புதுசும் இல்லை. எங்களில் பலரோட தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே வந்தவங்க. 'ரஜூலா' கப்பல் பேரைக் கேட்டாலே பழைய ஆட்கள் முகம் மாறும். 1926இல் கட்டின அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடிச்சு. பெரும்பாலான நம்ம ஆட்களுக்கு அறை கிடையாது; மேல்தளத்தில் பாயை விரிச்சு, பெட்டியைத் தலைமாட்டில் வச்சுப் படுத்தவங்கதான். கிட்டத்தட்ட ஒரு வாரம் வங்காள விரிகுடா ஆட்டின ஆட்டத்தை உப்பு நார்த்தங்காய், எலுமிச்சை, சுக்கு, வெறும் கஞ்சி இதை வச்சே சமாளிச்சாங்கன்னு பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கோம். அதுக்கப்புறம் வந்த 'சிதம்பரம்' கப்பலில் வந்தவங்க இன்னும் நம்மோட வரிசையில் நின்னு சாப்பிடுறாங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க.

இப்போதைய கப்பல் வேற. மரினா பே நிலையத்தில் நிக்கிற கப்பலை நிமிர்ந்து பார்த்தா நம்ம வீவக புளோக்கைப் படுக்க வச்ச மாதிரி இருக்கும். ஆட்டத்தைக் குறைக்க ரெண்டு பக்கமும் தண்ணிக்கடியில் இறக்கை மாதிரி பலகைகள் இருக்கு. ஆனா குறைக்கும்னு சொன்னோமே தவிர, நிறுத்தும்னு சொல்லலை. இன்னொண்ணு கவனிங்க: மனுஷனை அதிகமா படுத்துறது வேகமான குலுக்கல் இல்லை. ஒரு தடவை ஏறி இறங்க சுமார் அஞ்சு விநாடி ஆகிற மெதுவான அசைவுதான் மோசம்னு 1970களிலேயே ஆராய்ச்சியில் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால "லேசாத்தானே ஆடுது, இதுக்கா வாந்தி"ன்னு யாரையும் கேலி பண்ண வேணாம்.

ஏன் வருதுன்னா, கண் ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. காதுக்குள்ள ஆழத்தில் நம்ம சமநிலையைப் பார்த்துக்கிற சின்ன உறுப்பு இருக்கு. திரவம் நிறைஞ்ச குழாய்கள். கப்பல் சாயும்போது அது மூளைக்கு "ஆடுறோம்"னு சேதி அனுப்பும். அறைக்குள்ள உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கிட்டிருக்கிற கண்ணோ "எதுவும் ஆடலையே"ன்னு சொல்லும். ரெண்டு சாட்சியும் முரண்பட்டா மூளை குழம்புது, வயிறு கஷ்டப்படுது. இதில் மனோபலம், பலவீனம் எதுவும் இல்லை. ரெண்டு வயசிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவங்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அதிகம். பொதுவா ரெண்டு மூணு நாளில் உடம்பு பழகிடும். நம்ம ஆட்கள் போறதோ மூணு இரவுப் பயணம். பழகி முடிக்கும்போது ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் கட்டடம் தெரிய ஆரம்பிச்சிடும்!

அறை எடுக்கிறதைப் பத்திச் சொல்றோம், இதைத்தான் யாரும் முன்கூட்டியே கேக்கிறதில்லை. வெள்ளி ரதம் போறதைப் பார்த்திருக்கீங்க இல்லையா? ரதம் கொஞ்சம் அசைஞ்சா உச்சியில் கலசம் எவ்வளவு ஆடுது, அடியில் சக்கரத்துப் பக்கம் எவ்வளவு ஆடுது? கப்பலும் அப்படித்தான். மேல் தளத்தில் ஆட்டம் அதிகம், முன் நுனியிலும் பின் நுனியிலும் அதிகம். கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுவில் இருக்கிற அறையில்தான் குறைவு. ஆனா பிள்ளைகள் என்ன பண்றாங்க? அம்மாவுக்கு நல்லதா கொடுக்கணும்னு காசைக் கூடக் கட்டி, உச்சித் தளத்தில் முன்பக்கமா பால்கனி அறை எடுத்துடறாங்க. பாசம் புரியுது. ஆனா எங்க அபிப்பிராயம், அந்தப் பால்கனியை நீங்க வச்சுக்கங்க, அம்மாவுக்குக் கீழ நடு அறையைக் கொடுங்க. மின்தூக்கிக்குப் பக்கமா இருந்தா இன்னும் நல்லது.

பருவம் பார்த்துப் போறதும் நல்லது. மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் மலாயானு ரெண்டு கரைக்கு நடுவில் அடங்கின தண்ணி. பினாங்கு வரைக்கும் பெரும்பாலும் சாதுவா இருக்கும். ஜூனில் விடியற்காலையில் திடீர்னு வர்ற சுமத்ராக் காற்று ஒண்ணு ரெண்டு மணி நேரம் மிரட்டிட்டுப் போயிடும். நீரிணையைத் தாண்டிப் புக்கெட் பக்கம் போனா தென்மேற்குப் பருவக்காற்று அலை தெரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடல் பக்கம் போற பயணம்தான் நிஜமாவே ஆட்டம் காட்டும். டிசம்பர் விடுமுறைக்கு அந்தப் பக்கம் பதிவு பண்றவங்க அம்மா அப்பாவோட போறதா இருந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க.

இப்போ மாத்திரை. இதில் ஒரே ஒரு விஷயம் நினைவிருந்தாலும் போதும்: மாத்திரை குமட்டல் வர்றதுக்கு முன்னாடி போடணும். வாந்தி ஆரம்பிச்ச பிறகு வயிறு எதையும் உள்ளே வச்சுக்காது, மாத்திரையும் வெளியே வந்துடும். டைமென்ஹைட்ரினேட் என்கிற மாத்திரையை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். சின்னரிசைன் என்றால் ரெண்டு மணி நேரம் முன்னாடி. ரெண்டும் தூக்கத்தைக் கொடுக்கும். இளவயசுக்காரங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்கிடுவாங்க. எழுபது வயசு அப்பாவுக்குத் தூக்கக் கலக்கத்தில் ராத்திரி கழிவறைக்குப் போகும்போது, ஆடுற தரையில் கால் தடுக்கும். இடுப்பெலும்பு போச்சுன்னா வாந்தியெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு ஆகிடும். அதனால ஊரில் இருக்கும்போதே ஒரு விடுமுறை நாளில் ஒரு மாத்திரை கொடுத்து எப்படித் தாங்குறார்னு பார்த்துக்கங்க. கண்ணழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்க இந்த வகை மருந்தை டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. நடுக்குவாதம் உள்ளவங்களுக்குச் சின்னரிசைன் ஆகாது. தூக்க மாத்திரையோடவோ மதுவோடவோ சேர்க்கவே கூடாது.

காதுக்குப் பின்னால் ஒட்டுற ஸ்கோபோலமைன் பட்டையை வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சிலர் வாங்கி அனுப்புறாங்க. நாலு மணி நேரம் முன்னாடி ஒட்டணும், மூணு நாள் வேலை செய்யும், நல்ல மருந்துதான். ஆனா முதியவங்களுக்கு வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, சில பேருக்கு மனக்குழப்பமே வரும். ஒட்டின கையைக் கழுவாம கண்ணைத் தேய்ச்சா பாவை விரிஞ்சு பார்வை மங்கிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டவே வேணாம்.

"அம்மன் காப்பாத்துவா, மாத்திரை எதுக்கு?" என்று கேக்கிற பெரியவங்களும் உண்டு. காப்பாத்துவா. சந்நிதியில் கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் வச்சு முகர்ந்துக்கிட்டே போங்க, அந்த வாசனை சில பேருக்கு உண்மையாவே இதமா இருக்கு. மாத்திரையையும் போட்டுக்கங்க. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.

இப்போ நாங்க உண்மையில் எதுக்காக இதை எழுத உட்கார்ந்தோமோ அதுக்கு வர்றோம்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுக் குடும்பங்கள் முப்பது பேர் சேர்ந்து மூணு இரவுப் பயணம் போனோம். ரெண்டாம் நாள் மத்தியானத்திலிருந்து அலை கொஞ்சம் தூக்கிச்சு. மடப்பள்ளியில் வருஷக்கணக்கா காய் நறுக்கிக் கொடுக்கிற ஒரு அக்கா, வயசு எழுபதுக்கு மேல, சாயங்காலமே "எனக்குப் பசியில்லை, நீங்க போய்ச் சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு அறையிலேயே படுத்துட்டாங்க. மகள் கேட்டதுக்கு "தூக்கம் வருது"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்காங்க. வெளியில் சொன்னா பிள்ளைகள் கலைநிகழ்ச்சிக்குப் போகாம தன் பக்கத்தில் உட்கார்ந்துடுவாங்களேன்னு வாயைத் திறக்கலை. ஆனா நேரம் தவறாத மனுஷி. சாப்பாடு இல்லாட்டியும் ஆறரை மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கிட்டாங்க.

ஒன்பது மணிக்கு மகள் திரும்பி வந்து பார்த்தா, உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்திருக்கு, முகம் வெளுத்திருக்கு, கை நடுங்குது. பக்கத்து அறைக்காரங்க எல்லாரும் கூடிட்டோம். கடல் மயக்கம்தான், கோடாலித் தைலம் தடவுங்க, இஞ்சி மிட்டாய் கொடுங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க தாதியம்மா வந்து நின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ராத்திரி சாப்பிட்டாங்களா?" உடனே விரலில் குத்திப் பார்த்தாங்க. சர்க்கரை 3.1.

4க்குக் கீழ போனாலே ஆபத்துன்னு சர்க்கரை உள்ளவங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நல்லவேளை, அக்காவுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிஞ்சது. மூணு தேக்கரண்டி குளுக்கோஸை அரைக் கோப்பைத் தண்ணியில் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தாங்க. பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பார்த்தப்போ 4.6. அதுக்கப்புறம் ரெண்டு பிஸ்கட். கப்பல் மருத்துவ நிலையத்திலிருந்து ஆள் வந்து பார்த்தாங்க, வாந்திக்கு ஊசி போட்டாங்க, ராத்திரி முழுக்க மகள் நேரத்துக்கு நேரம் சர்க்கரை பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மறுநாள் காலையில் அக்கா தேநீரும் ரொட்டியுமா உட்கார்ந்து எங்களையெல்லாம் திட்டினாங்க, நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுட்டு ஏன் வந்தீங்கன்னு.

இதைக் கவனிங்க. கடல் மயக்கத்திலும் குளிர்ந்து வேர்க்கும், முகம் வெளுக்கும், உடம்பு சோரும். சர்க்கரை இறங்கினாலும் அதேதான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தூக்கம் வர்ற மாத்திரையும் உள்ளே போயிருந்தா இன்னும் கஷ்டம், அசந்து தூங்குறாங்கன்னு விட்டுடுவோம். அதனால சர்க்கரை உள்ளவங்க கப்பலில் சோர்ந்து படுத்தா யூகிக்க வேணாம், விரலில் குத்திப் பாருங்க. கருவி, குளுக்கோஸ் பொட்டலம் ரெண்டும் பெட்டிக்குள்ள இருக்கக்கூடாது. பெட்டி கப்பலில் ஏறி அறைக்கு வந்து சேரவே பல மணி நேரம் ஆகும். கைப்பையில் இருக்கணும். நினைவு தப்பிட்டா வாயில் எதையும் ஊத்தாதீங்க. அறையில் இருக்கிற தொலைபேசியில் அவசர எண்ணை அழைங்க. அந்த எண் என்னன்னு ஏறின உடனேயே பார்த்து வச்சுக்கங்க.

இன்சுலின் போடுறவங்களும் கிளிக்லசைடு, கிளிபிசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களும் சாப்பிடாம இருந்தா சர்க்கரை இறங்கும். நிறைய வாந்தி எடுத்து உடம்பில் தண்ணி வத்திட்டா மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற நீர் மாத்திரையும் ஆபத்தாகலாம். "சாப்பிட முடியாம வாந்தி எடுத்தா எந்த மாத்திரையை நிறுத்தணும், எதை நிறுத்தக்கூடாது?" இந்தக் கேள்வியைப் பயணத்துக்கு முன்னாடி பலதுறை மருந்தகத்தில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

விரதம் பத்தியும் சொல்லணும். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசினு நம்ம அம்மாமார் நாள் தவறாம இருப்பாங்க. வெறும் வயிறு கடல் மயக்கத்தைக் கூட்டும். நம்ம குருக்களிடமே கேட்டோம். பயணத்திலயும் உடம்பு முடியாதப்பவும் விலக்கு உண்டு, திரும்பி வந்து இருந்துக்கலாம்னு சொன்னார். அவர் சொன்னார்னு சொல்லுங்க, நாம சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க.

அதுக்காக வயிறு முட்டவும் வேணாம். உல்லாசக் கப்பலில் சாப்பாடு நாள் முழுக்க கொட்டிக் கிடக்கும், காசு கொடுத்தாச்சேன்னு ஒரு பிடி பிடிக்கத் தோணும். எண்ணெய்ப் பலகாரம், காரம், பால் இனிப்பு இதெல்லாம் முதல் நாள் குறைச்சுக்கங்க. ரொட்டி, உப்பு பிஸ்கட், வெறும் சோறு, வாழைப்பழம் கொஞ்சம் கொஞ்சமா நாலு தடவை சாப்பிட்டா வயிறு அடங்கும். இஞ்சிக்கு ஓரளவு பலன் இருக்குன்னு ஆய்வுகளும் சொல்லுது. பஃபலோ சாலைக் கடைகளில் இஞ்சி மிட்டாய், சுக்கு, உப்பு நார்த்தங்காய் எல்லாம் கிடைக்கும். ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க இஞ்சியை மாத்திரை வடிவில் எடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க, சமையலில் போடுற இஞ்சிக்குப் பயமில்லை. சமைச்ச உணவைக் கப்பலில் ஏத்த விடுவாங்களான்னு முன்னாடியே விசாரிச்சுக்கங்க, பெரும்பாலும் விடமாட்டாங்க. கோடாலித் தைலம் நம்ம ஊர்ச் சரக்கு, 1928லேருந்து இருக்கு, அது இல்லாம எந்தப் பாட்டியும் வீட்டை விட்டு இறங்க மாட்டாங்க. முகர்ந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா மருந்துக்குப் பதில் அது ஆகாது, பக்கத்தில் இருக்கிறவருக்கு அந்த நெடியே குமட்டலைக் கிளப்பலாம். மணிக்கட்டுப் பட்டை சிலருக்குக் கேக்குது, சிலருக்கு இல்லை. கெடுதல் ஒண்ணும் கிடையாது.

தலை சுத்த ஆரம்பிச்சா கைப்பேசியை முதலில் கீழ வைங்க. திறந்த தளத்துக்குப் போய், காத்து முகத்தில் படுற மாதிரி நின்னு, வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பாருங்க. அந்தக் கோடு ஆடாது. கண்ணும் காதும் ஒரே சேதி சொல்ல ஆரம்பிக்கும். வெளியே போக முடியலைன்னா தலையை அசைக்காம, கண்ணை மூடி மல்லாந்து படுங்க. வாந்தி எடுத்தவங்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு மடக்கா கொடுங்க. ஒரேயடியா ஒரு டம்ளர் கொடுத்தா அதுவும் திரும்பி வரும்.

பாத்தாம், பிந்தான் போற சின்னப் படகுக்கும் இது எல்லாம் பொருந்தும். அங்கே அறை கிடையாது. நடுவில் இல்லை பின்பக்கமா, டீசல் புகை வராத இடத்தில், முன்னோக்கி உட்காருங்க.

சிலதைக் கடல் மயக்கம்னு ஒதுக்கவே கூடாது. ஒரு பக்கக் கை கால் மரத்துப் போறது, பேச்சு குழறுறது, பார்வை ரெண்டா தெரியுறது, நெஞ்சுவலி, முன்னெப்போதும் இல்லாத தலைவலி, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவ நிலையம். வாந்தியோட வயித்துப்போக்கும் காய்ச்சலும் வந்தா அது தொத்து நோயா இருக்கலாம். கப்பலில் அது வேகமாப் பரவும். மறைக்காம சொல்லிடுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, கைச் சுத்திகரிப்பு ஜெல் அந்தக் கிருமிக்கு அவ்வளவா எடுபடாது. கப்பல் டாக்டர் கட்டணம் நம்ம பலதுறை மருந்தகம் மாதிரி இருக்காது, உங்க கணக்கில் ஏறிடும். "பில்லு வருமே"ன்னுதான் பாதிப் பெரியவங்க போக மாட்டேங்கிறாங்க. பயணக் காப்புறுதி எடுத்துட்டு, எடுத்திருக்கோம்னு அவங்ககிட்டயும் சொல்லிடுங்க.

ஜூனில் கப்பல் ஏறப் போறவங்க வர்ற ஞாயிறு மதிய அன்னதானம் முடிஞ்சதும் ரெண்டரை மணிக்கு மண்டபத்தில் வந்து உட்காருங்க. தாதியம்மாவும் மருந்தாளர் தம்பியும் இருப்பாங்க. அம்மா அப்பா சாப்பிடுற மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க, பேரை எழுதிட்டு வந்தா ஒரு எழுத்து மாறி வேற மருந்தாகிடும். சர்க்கரை பார்க்கிற கருவியும் எடுத்துட்டு வாங்க, பேட்டரி இருக்கா, பட்டைகள் காலாவதி ஆகிடுச்சான்னு பார்த்துடலாம். அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. மேலே சொன்ன அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, சுக்குக் காப்பி அவங்க பொறுப்பு.